அவர்கள் சிரித்த வீடியோ

ஜூன் 18

வாயைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். மேல் பல்வரிசையும் கீழ்ப் பல்வரிசையும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருக்கின்றன. ஆறு வாரத்துக்குப் பேச்சு இல்லை, மெல்லுவது இல்லை, கொட்டாவிகூட இல்லை. சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுங்கள் என்றார் டாக்டர். தினமும் கொஞ்சம் எழுதினால் மனசுக்கும் நல்லது என்றார். அரிசி மில்லில் கொடுத்த டைரி பீரோவில் சும்மா கிடந்தது.

என் பெயர் சென்னியப்பன். ஈரோடு – கரூர் தடத்தில் தனியார் பஸ் ஓட்டுகிறேன். வீட்டில் நான், சம்சாரம் கலாமணி, பிளஸ் ஒன் படிக்கும் மகள் மிருதுளா. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் தாடை உடைந்தது. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு டாக்டர் கலாமணியைப் பார்த்தார். அவள் ஃபேனைப் பார்த்தாள்.

கிளம்பும்போது சின்ன கட்டிங் பிளேயர் ஒன்றை அவள் கையில் கொடுத்தார். இவருக்கு வாந்தி வந்தால் வெளியே போக வழி கிடையாது, மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும், அப்போது இந்தக் கம்பிகளை வெட்டிவிட வேண்டும், யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்றார். எந்தெந்தக் கம்பி என்று என் வாயில் தொட்டுக் காட்டினார். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள்.

ஜூன் 19

பருத்திப் பால், ராகிக் கஞ்சி, மோர். எல்லாம் ஸ்ட்ராவில்.

ஜூன் 21

இத்தனை நாள் போனில் பாட்டும் நியூஸும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தால் உலகத்தில் என்னென்னவோ இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஈமு என்கிற பெரிய பறவைகள் கோதுமைக் காட்டை அழிக்கின்றன என்று பட்டாளத்தையே அனுப்பியிருக்கிறார்கள். மெஷின் கன் வைத்துச் சுட்டிருக்கிறார்கள். பறவைகள் பிரிந்து பிரிந்து ஓடிவிட்டன. கடைசியில் பட்டாளம்தான் திரும்பிப் போனது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் காதுவரை வலி பிளக்கிறது. தலையணையைக் கடிக்கவும் முடியாது.

கலாமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, நல்லா இருக்குதுங்க என்று சொல்லி உள்ளே போனாள்.

பஸ் ஓனர் போன் செய்து விசாரித்தார். நான் இல்லாமல் வண்டி நேரத்துக்குப் போவதில்லையாம். எப்படிப் போகும்? கொடுமுடி தாண்டி ஒரு டெம்போக்காரன் வழிவிடாமல் வம்பு பண்ணியபோது இறங்கிப் போய், கண்ணாடியை இறக்கச் சொல்லி, அவன் தலைமுடியைப் பிடித்து ஸ்டீயரிங்கில் மோதினேன். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள், ஒருவரும் இறங்கி வரவில்லை. நான் கோபக்காரன் இல்லை. ரோடு அப்படி.

ஜூன் 24

ஆக்டோபஸ் மீன்களோடு கூட்டுச் சேர்ந்து வேட்டைக்குப் போகுமாம். போகிற வழியில் பக்கத்தில் வரும் மீனை ஓங்கி ஒரு குத்து விடுகிறது. மீன் சுருண்டு போகிறது. சில சமயம் இரைக்காகக் குத்துகிறது, சில சமயம் எதற்கென்றே தெரியவில்லை என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். மறுபடி மறுபடி பார்த்தேன்.

மிருதுளாவிடம் காட்டினேன். முழுதாகப் பார்த்தாள். அந்த மீனு ஏனுங்கப்பா மறுபடியும் அதுகூடவே போகுது என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்று கையை விரித்தேன்.

சாயங்காலம் சமையல்கட்டில் இரண்டு பேரும் எதற்கோ மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்க எழுந்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நின்றுவிட்டது. வீட்டுக்குள் செருப்புப் போடாமல் நடந்து பார்க்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. சொந்த வீட்டில் திருடன் மாதிரி நான் ஏன் நடக்க வேண்டும்?

ஜூன் 27

அன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள், நான் விழுந்த அன்றைக்கு. ட்ரிப் முடித்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். சமையல்கட்டு வாசலில் மிருதுளா போனைப் பிடித்திருந்தாள், கலாமணி தோசைக்கரண்டியோடு அதைக் குனிந்து பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி சிரித்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாததற்கு ஒருத்தி அப்படிச் சிரிப்பாளா?

போனிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஸ்டார்ட் ஆகாத மோட்டாரைத் திரும்பத் திரும்ப இழுக்கிற மாதிரி. அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த வீடியோ எங்கேயாவது இருக்கும். இன்றைக்கு முழுக்கத் தேடினேன். மோட்டார் காமெடி, டிராக்டர் காமெடி, ஆயில் என்ஜின் காமெடி. ஜெனரேட்டரை இழுக்கப் போய் மண்டபப் பந்தலோடு விழுந்த ஒருத்தனைப் பார்த்தேன். அதுவாக இருக்காது.

மிருதுளாவின் போன் அன்றைக்கே உடைந்துபோனது. புதுசு வாங்கித் தருகிறேன் என்று எழுதிக் காட்டினேன். வேண்டாமுங்கப்பா என்றாள்.

ஜூலை 2

கலாமணியின் தம்பி லோகநாதன் வந்திருந்தான். சித்தோடு பக்கத்தில் மஞ்சள் விவசாயம். எப்படி விழுந்தீங்க மாமா என்று கேட்டான். எழுதிக் காட்டினேன். பாத்ரூமில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தரையெல்லாம் சொரசொரப்பாத்தான இருக்குது என்றான். பிறகு அவன் அக்கா காபி கொண்டுவந்தபோது அவள் நெற்றி ஓரத்தில் இருந்த தையலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பாத்ரூமிலயா விழுந்தா என்றான்.

கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை அவன்மேல் எறிந்தேன். தோளில் பட்டுச் சுவரில் அடித்தது. மோர் பூராவும் காலண்டர்மேல். அவன் எழுந்திருக்கவே இல்லை. வாயைத் திறக்க முடியாமல் கோபப்படுவது எவ்வளவு கேவலம் என்று அப்போதுதான் தெரிந்தது. மூக்கால் புஸ் புஸ்ஸென்று சத்தம் வருகிறது, அவ்வளவுதான்.

ஜூலை 5

இதை யார் படிக்கப்போகிறார்கள். எழுதிவிடுகிறேன்.

பாத்ரூம் இல்லை. என்ன சிரிப்பு என்று கேட்டதற்கு ஒழுங்கான பதில் வரவில்லை. எழுந்து போய் மிருதுளாவின் கையிலிருந்த போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். கலாமணி குறுக்கே வந்தாள். முடியைப் பிடித்து இழுத்தேன். ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் அவள் நெற்றி மோதியது. முதல் தடவை மோதியது நான் இழுத்த வேகத்தில். அதற்கப்புறம் எத்தனை தடவை என்று ஞாபகம் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவெல்லாம் ரத்தம். அவள் கத்தவில்லை, அவள் எப்போதுமே கத்த மாட்டாள், அக்கம்பக்கத்தில் கேட்கும் என்று. அதனால்தான் எனக்கும் எங்கே நிறுத்துவதென்று தெரிவதில்லை.

பக்கவாட்டில் என்னவோ வருவது தெரிந்தது. திரும்பினேன். தோசைக்கல். அடுப்பிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறாள், பிடியில் துணிகூட இல்லாமல். இரண்டு கையாலும் வீசினாள் மிருதுளா. தாடை உடைந்த சத்தம் எனக்கு உள்ளேயிருந்து கேட்டது, பச்சைத் தென்னை மட்டையை முறிக்கிற மாதிரி. கன்னத்தில் சூடு போட்டதுபோல் தோல் பொரிந்தது. விழுந்துகிடந்த என்மேல் பாதி வெந்த தோசை.

அவள் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துப் போயிருந்தன. மாவு கரைக்கும்போது சுடுதண்ணீர் பட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னாளாம்.

போலீசில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகளைக் காட்டிக் கொடுக்காமல் வழுக்கி விழுந்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். எத்தனை அப்பன் இப்படிச் செய்வான்?

ஜூலை 8

காக்காய் மனுச முகத்தை மறக்காதாம். அமெரிக்காவில் ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்திருக்கிறார்கள். பிறகு வருஷக்கணக்காக அந்த முகமூடி வெளியே வந்தாலே காக்கைகள் கூட்டமாகக் கத்தித் துரத்தியிருக்கின்றன. அன்றைக்குப் பிறக்காத குஞ்சுகள்கூட. வேடிக்கைதான். முகமூடி போடாமல் அதே ஆள் போனால் ஒன்றும் செய்யவில்லையாம்.

கலாமணிக்கு அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தது, பார்த்துவிட்டாள். பதில் இல்லை. அடுத்த ரூமில்தான் இருக்கிறாள்.

ஜூலை 9

கஞ்சியில் கட்டி இருந்தது. ஸ்ட்ரா அடைத்துக்கொண்டது. கலாமணியை லேசாகத்தான் அறைந்தேன்.

மிருதுளா அடுப்பு மேடையைப் பார்த்தாள். தோசைக்கல் அங்கே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே நான் அதை எடுத்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டேன்.

ஜூலை 12

எழுத முடிகிறதே என்று இருக்கிறது.

காலையில் அந்த வீடியோ கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு பெரியவர் கிணற்றடியில் ஆயில் என்ஜினை ஸ்டார்ட் பண்ணுகிறார். சுற்றுகிறார், சுற்றுகிறார், அதே சத்தம், நின்றுவிடுகிறது. என்ஜினைக் கையெடுத்துக் கும்பிடுகிறார். திட்டுகிறார். செருப்பைக் கழற்றி அடிக்கிறார். அடி வாங்கியதும் என்ஜின் படபடவென்று ஓட ஆரம்பித்து, பெல்ட்டில் வேட்டி மாட்டி, வேட்டி மட்டும் வட்டம் சுற்றுகிறது. பெரியவர் கோவணத்தோடு ஓடுகிறார்.

மிருதுளா பள்ளிக்கூடம் போய்விட்டாள். கலாமணியைக் கையைத் தட்டிக் கூப்பிட்டு, இதுதானே, இதுதானே என்று எழுதிக் காட்டிக்கொண்டே சிரித்தேன். வாயில் கஞ்சி இருந்தது. சிரிப்பில் அது மேலே ஏறி மூக்குக்கு வந்து, இருமல் பிடித்து, வயிற்றிலிருந்து எல்லாம் கிளம்பிவிட்டது. வெளியே வர வழி இல்லை. நாற்காலியோடு சாய்ந்தேன். தரையில் புரண்டேன். கம்பியை விரலால் பிடித்து இழுத்தேன், ஈறு கிழிந்து ரத்தமும் உள்ளேதான் போனது. கண்ணுக்குள் கறுப்புக் கறுப்பாகப் பொரிந்தது.

கலாமணி ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றாள். கட்டிங் பிளேயர் அவள் கையில் இருந்தது. அவள் புடவைக் கொசுவம் எனக்குத் தெரிந்தது, பாதம் தெரிந்தது. பாதம் நகரவில்லை.

நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

பிறகு என் நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, உதட்டைக் கிழிக்கிற மாதிரி விலக்கி, வெட்டினாள். ஒவ்வொரு கம்பியாக. என்னைப் பக்கவாட்டில் புரட்டி முதுகில் குத்தினாள். அத்தனை பலம் அவளுக்கு இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் மறுபடி கட்டினார்கள். கரெக்டா பண்ணியிருக்கீங்கம்மா என்று டாக்டர் அவளைப் பாராட்டினார். அவள் அழுதாள்.

ஜூலை 14

ஏன் நின்றாய் என்று எழுதி அவள் முன்னால் வைத்தேன்.

கலாமணி அதைப் படித்துவிட்டுத் தாளை நாலாக மடித்தாள். மிருதுளாவையும் வந்து உட்காரச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நடுவில் நான் குறுக்கிட்டிருப்பேன். இப்போது முடியவில்லை.

"நின்னது நெசந்தானுங்க" என்றாள். "யோசிக்காம வெட்டோணும்னு டாக்டர் சொன்னாரு. நான் யோசிச்சேன். கொஞ்ச நேரம் நிம்மதியா இருந்துச்சுங்க. அப்படி இருந்ததுதான் எனக்குப் பயமாப் போச்சு. அன்னைக்கு இவ தோசைக்கல்ல எடுத்தா, முந்தாநாளு நான் சும்மா நின்னேன். இனியும் இந்த வீட்டுல இருந்தா, நாங்க ரெண்டு பேர்ல ஒருத்தி கொலகாரியாயிருவோம். இவ படிக்கோணும். நான் தம்பி ஊட்டுக்குப் போறேன். உங்க வாய்க் கம்பிய அவுக்கறதுக்கு முன்னாலயே போறேன்."

நான் மேஜையைக் குத்தினேன். மிருதுளா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றாள். கலாமணி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்த உள்ளங்கையில் தோல் இன்னும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது.

"அந்த வீடியோவயும் தேடாதீங்க" என்றாள். "அது எங்கயும் கெடைக்காது. இவ போன்ல மட்டுந்தான் இருந்துச்சு. மோட்டாருமில்ல ஒண்ணுமில்ல. அது உங்க கொறட்டை."

மிருதுளாதான் மீதியைச் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கட்டிலில் தூங்கியபோது பக்கத்து வீட்டுப் பூனைக்குட்டி என் வயிற்றின்மேல் ஏறிப் படுத்திருக்கிறது. ஒவ்வொரு குறட்டைக்கும் திடுக்கிட்டு எழுந்து, சுற்றிப் பார்த்து, மறுபடி அங்கேயே படுத்திருக்கிறது. அதை இவள் எடுத்திருக்கிறாள். கடைசியில் நான் தூக்கத்திலேயே கையைத் தூக்கினேனாம். ஐயோ பூனை செத்தது என்று நினைத்தாளாம்.

"நீங்க அதத் தடவிக் குடுத்தீங்கப்பா" என்றாள். "ரொம்ப நேரம்."

எனக்குப் பூனை ஞாபகமே இல்லை.

என்னைப் பார்த்துத்தானே சிரித்தீர்கள், அப்போது நான் நினைத்தது சரிதானே என்று எழுதினேன். எழுதியதை அவர்களிடம் காட்டவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 15

என் போனை அணைத்துப் பீரோவில் வைத்தேன்.

ஜூலை 21

போய்விட்டார்கள்.

லோகநாதன் வேன் கொண்டுவந்திருந்தான். இரண்டு சூட்கேஸ், மிருதுளாவின் புத்தகங்கள், தையல் மெஷின். நான் வாசலில் கையை விரித்து நின்றேன். கலாமணி என் கைக்குக் கீழே குனிந்து போனாள். மிருதுளாவின் சடை கையில் சிக்கியது. பிடித்துவிட்டேன். அவள் கத்தினாள். கலாமணி மாதிரி இல்லை, தெருவே திரும்பும்படி கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அப்போதும் நான் விடவில்லை.

லோகநாதன் என் மணிக்கட்டைத் திருகிச் சடையை விடுவித்தான். நான் அவன் மூக்கில் குத்தினேன். சட்டையெல்லாம் அவன் ரத்தம். இரண்டாவது குத்துக்கு முன்னால் கையைப் பின்னால் முறுக்கி என்னைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டான். சிமெண்டுத் தரை சுட்டது. அவன் மூக்கிலிருந்து என் கழுத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"மூஞ்சில அடிச்சா செத்துப்போவீங்க மாமா" என்றான். "அடிக்க எனக்கும் ஆசைதான். ஆனா அக்கா வேண்டாம்னிருக்குது."

வேன் ஸ்டார்ட் ஆகும்வரை என்மேல் உட்கார்ந்திருந்தான். பிறகு ஓடிப்போய் ஏறிக்கொண்டான். என்னைத் தூக்கிவிட ஒருவரும் வரவில்லை. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

ஜூலை 22

டிவி, ட்ரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடி, மிக்ஸி. உடைத்துவிட்டு நானே கூட்டினேன். கண்ணாடித் துண்டு ஒன்று பாதத்தில் ஏறியது.

ஜூலை 26

கஞ்சி வைக்கத் தெரியவில்லை. கட்டி கட்டியாக வருகிறது. மூன்று தடவை வடிகட்டினேன்.

ஜூலை 30

கம்பியை எடுத்துவிட்டார்கள். வாய் இரண்டு விரல் அகலம்தான் திறக்கிறது. பயிற்சி செய்யச் செய்யச் சரியாகுமாம். ஏதாவது பேசுங்கள் என்றார் டாக்டர். என்ன பேசுவதென்று தெரியாமல் சரி என்றேன். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. வீட்டம்மா வரலையா என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

ஆகஸ்ட் 2

கலாமணிக்குப் போன் செய்தேன், போகவில்லை. மிருதுளாவின் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். வேறு பள்ளிக்கூடம் மாற்றிவிட்டார்களாம். வாட்ச்மேன் சொன்னான். எனக்குச் சொல்லாமல் எப்படி மாற்றலாம் என்று கத்தினேன். இத்தனை நாளுக்குப் பிறகு முதல் கத்தல். தாடை நொந்தது. அவன் கேட்டைச் சாத்திவிட்டான்.

என் பெண்டாட்டி, என் மகள். பேச்சுவார்த்தை, பஞ்சாயத்து எல்லாம் எனக்கு எதற்கு? நேரில் போய் இழுத்து வருகிறேன்.

ஆகஸ்ட் 4

மத்தியானம் புல்லட்டை எடுத்துக்கொண்டு சித்தோடு போனேன். மாடிக் குழாய் வேலையில் மிச்சமான இரும்புப் பைப் ஒரு முழம் இருந்தது. சாக்கில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் செருகிக்கொண்டேன். லோகநாதனின் கை இரண்டையும் உடைப்பது, பிறகு இவர்களை ஏற்றி வருவது. வழியெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டு போனேன். எந்தக் கை முதலில் என்றுகூட.

அவன் வீடு வாய்க்கால் தாண்டி, மஞ்சள் காட்டு நடுவில். பக்கத்துக் காட்டில் டிராக்டர் உழுதுகொண்டிருந்ததால் என் வண்டி வந்தது அங்கே கேட்கவில்லை போலிருக்கிறது. வேலியோரம் நிறுத்தினேன். பைப்பைச் சாக்கிலிருந்து உருவினேன். டிராக்டர் வரப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. கேட்டில் கை வைத்தேன்.

உள்ளே சிரித்தார்கள்.

ஜன்னல் திறந்திருந்தது, ஆள் தெரியவில்லை. மிருதுளா மூச்சு வாங்க வாங்க எதையோ சொல்கிறாள், சொல்ல முடியாமல் சிரிக்கிறாள். கலாமணி போதுண்டி போதுண்டி, வயிறு வலிக்குது என்கிறாள். பிறகு அவளும் சத்தமாக, அடக்காமல், ஆம்பளை மாதிரி சிரிக்கிறாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது.

எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்போல் இருந்தது. என்னைப் பற்றித்தானோ என்று முதலில் தோன்றியது. காது சூடானது. பைப்பைப் பிடித்திருந்த கை இறுகியது. கேட்டைத் தள்ளினால் கீல் கிறீச்சிடும். அந்தச் சத்தம் போதும், சிரிப்பு நின்றுவிடும். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டில் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவர்கள் ஓய்வார்கள், ஒருத்தி ஏதோ ஒரு வார்த்தை சொல்வாள், மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள்.

கேட்டிலிருந்து கையை எடுத்தேன். பைப்பைச் சாக்கில் சுற்றினேன். சாவியைப் போட்டுக் கிக்கரில் கால் வைத்தபிறகுதான் தோன்றியது. என் வண்டிச் சத்தம் அவர்களுக்குத் தெரியும். தெருமுனையில் வரும்போதே தெரிந்துவிடும். டிராக்டரும் நின்றுபோயிருந்தது.

காலை எடுத்தேன். வண்டியைத் தள்ளினேன். மண் பாதை, கனமான வண்டி, பாதத்தில் கண்ணாடி குத்திய இடம் திறந்துகொண்டு செருப்பெல்லாம் பிசுபிசுத்தது. பல்லைக் கடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், கடித்துக்கொண்டுதான் தள்ளினேன். பின்னால் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நின்றதா, தூரம் ஆனதா என்று தெரியவில்லை.

வாய்க்கால் பாலம் தாண்டும்வரை ஸ்டார்ட் பண்ணவில்லை.